தனியாகத் தூக்க வேண்டிய வண்டி

அந்த வண்டியை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அதன் இடதுபக்கப் பெட்டிக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. தூரப் பயணத்துக்கென்றே செய்த கனமான பைக்குகளில் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் துணிமணி வைக்க இப்படிப் பெட்டிகள் இருக்கும். இதில் இடதுபக்கப் பெட்டியின் மூடி திறந்தபடி ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வைக்கோல் போட்டு, அதன் மேல் செவலைக் கோழி ஒன்று உட்கார்ந்து, வண்டி வாங்க வந்த என்னை ஒற்றைக் கண்ணால் மேலும் கீழும் பார்த்தது. பிறகு என் வாழ்க்கையில் நடந்ததையெல்லாம் வைத்து யோசித்தால், அந்தக் கோழிக்கு அன்றைக்கே என்னைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வந்திருக்க வேண்டும்.

இடம் ஆவடிக்கு அப்பால் வெள்ளானூர். வண்டி நின்றது மாட்டுக்கொட்டகையில். வீட்டுக்காரர் பரம்பரையாக நெல் போட்டவர். இப்போது நிலமெல்லாம் மனைகளாகிவிட்டதால் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். மாடு மட்டும் இரண்டு மிச்சம். நிலம் விற்ற கையோடு அவர் தம்பி யாரிடமிருந்தோ இந்த வண்டியை வாங்கி, ஆறு மாதம் ஊரைச் சுற்றிவிட்டு, வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டாராம். ஜப்பானில் செய்த வண்டி. நான்கு சிலிண்டர், முன்னால் ஜன்னல் அகலத்துக்குக் கண்ணாடி, சங்கிலிக்குப் பதில் ஷாஃப்ட். எடை முந்நூற்றிருபது கிலோ. ஐந்து வருஷமாக ஓடவில்லை. கண்ணாடியில் ஈரத் துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

எனக்கு அப்போது வயது ஐம்பது. திண்டுக்கல் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, கம்ப்யூட்டர் கம்பெனிகளில் மற்றவர்கள் எழுதிய நிரலில் பிழை கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டு, காட்டுப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட் வாங்கி உட்கார்ந்திருந்தவன். அடுத்தவர் செய்ததில் ஓட்டை கண்டுபிடிக்கிறவனுக்குத் தான் வாங்கப்போகும் வண்டியில் ஓர் ஓட்டைகூடத் தெரியவில்லை. டயர் வெடித்திருந்தது. சைலன்சரில் கை நுழையும் அளவுக்குத் துரு. நான் வாயைப் பிளந்துகொண்டு, "நல்லா வச்சிருக்கீங்க" என்றேன். வீட்டுக்காரரே கொஞ்சம் கூச்சப்பட்டார்.

விலை பேசி முடிந்தது. எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டதற்கு அவர் கோழியைக் காட்டினார்.

"அடை குந்திகினு கீது சார். இப்ப ஆட்டுனா அல்லா முட்டையும் கூமுட்டை ஆயிடும். இன்னும் பத்து நாள் கீது. அது எந்திரிச்சதும் வந்து தூக்கினு போங்க."

வேறு வீட்டில் என்றால் கோழியைத் தூக்கி ஒரு கூடையில் வைத்துவிட்டு வண்டியைக் கொடுத்திருப்பார்கள். அவர் வீட்டு வழக்கம் அப்படி இல்லை. உட்கார்ந்த இடத்தைவிட்டு அடைக்கோழியை எழுப்புவதில்லை. நான் வாதாடலாமா என்று பார்த்தேன். கூட வந்திருந்த என் மனைவி, அவர் சொல்வதுதான் சரி என்று கோழியின் பக்கம் சேர்ந்துவிட்டாள்.

அவளைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பூந்தமல்லியில் தபால் அலுவலகத்தில் பார்சல் கவுண்டரில் வேலை. ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. எதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். ஆனால் நாம் பதில் சொல்ல முடியாதபடி ஒரே ஒரு கேள்வி கேட்பாள். வண்டி வாங்கும் ஆசையை நான் மூன்று மாதம் சுற்றி வளைத்து அவளிடம் சொல்லியிருந்தேன். வால்பாறைக்குப் போக வேண்டும், நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இந்த மாதிரி ஒரு வண்டியில் ஏற வேண்டும், தனியாகப் போக வேண்டும். தனியாக என்பதை நான் அழுத்திச் சொன்னேன். எங்கள் பெண் கல்யாணம் ஆகி பெங்களூர் போய்விட்டாள். ஐம்பது வயதில் ஒரு வாரமாவது யாரும் எதுவும் கேட்காத இடத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஏக்கமாக இருந்தது. அதை அவளிடம் இப்படியே சொன்னேன் என்பதை இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கொட்டகையில் அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு கேட்டாள்.

"தனியாத்தானே போகப் போறீங்க?"

ஆமாம் என்றேன்.

"அப்ப இது விழுந்தா தனியாத் தூக்கி நிறுத்தணும். நாலு பேரைக் கூப்பிடக் கூடாது. முடியலைன்னா அன்னிக்கே வித்துடணும். சரின்னா வாங்குங்க."

வெள்ளானூர்க்காரர் சாட்சி மாதிரி நின்றுகொண்டிருந்தார். நான் சரி என்று தலையாட்டினேன். வண்டி விழும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அது நின்ற நிற்பைப் பார்த்தால் ஐந்து வருஷம் கழித்தும் அங்கேயே நிற்கும் போலத்தான் இருந்தது.

பதினோராம் நாள் ஏழு குஞ்சுகளோடு கோழி இறங்கியது. நாங்கள் குட்டியானை என்கிற சின்ன லாரியில் வண்டியை ஏற்றி அம்பத்தூருக்குக் கொண்டுபோனோம்.

அம்பத்தூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் மெக்கானிக்கைப் பற்றி அலுவலகத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். என் வயதுக்காரர். ஒடிசலான உடம்பு, கட்டம் போட்ட லுங்கி, நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கூலிங் கிளாஸ். அது கண்ணுக்கு இறங்கி நான் பார்த்ததே இல்லை. அவர் வண்டியின் முன்னும் பின்னும் குனிந்து பார்த்தார். பிறகு, "இன்னா சார் இது, வண்டியா, ஊடா? கதவு எங்க கீது?" என்று கேட்டார்.

அன்றைக்கே அது விழுந்தது. குட்டியானையிலிருந்து பலகை போட்டு இறக்கும்போது கடைசி அடியில் மணலில் சக்கரம் புதைந்து, வலதுபக்கமாக மெதுவாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. யாருக்கும் அடி இல்லை. ஓட்டுநர் கை கொடுக்க வந்தார். மெக்கானிக் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தானே ஏதோ செய்தார். வண்டி எழுந்து நின்றுவிட்டது. ஐம்பது கிலோகூடத் தேறாத ஆள்.

ஏதோ செய்தார் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த அரை நிமிடமும் நான் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். திரை வழியாகத்தான் பார்த்தேன். பிறகு வீடியோவை ஓட்டிப் பார்த்தால், படம் முழுவதும் வண்டியின் முன்விளக்கு மட்டும்தான் இருந்தது. அது தரையிலிருந்து மெல்ல மேலே போகிறது, பின்னணியில் மெக்கானிக்கின் முக்கல் கேட்கிறது. அதையே நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அனுப்பி முடித்துத் தலையைத் தூக்கியபோது மெக்கானிக் என் மனைவியிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அவள் பார்சலுக்கு எடை போடும்போது வைத்துக்கொள்ளும் முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. நண்பர்களில் ஒருவன் தீ எரியும் எமோஜி போட்டிருந்தான். அதற்குப் பதில் எழுத வேண்டியிருந்தது.

பழுது பார்க்கும் வேலை பதினான்கு மாதம் நடந்தது. சனிக்கிழமைதோறும் நான் அம்பத்தூர் போவேன். மெக்கானிக் என்னை ஒரு முக்காலியில் உட்காரவைத்துத் துருப்பிடித்த போல்ட்டுகளைத் தேய்க்கக் கொடுப்பார். என் கைவேலையின் தரத்தைப் பார்த்த பிறகு தேய்ப்பதைத் தவிர வேறொன்றும் அவர் என்னிடம் கொடுக்கவில்லை. நான்கு கார்பரேட்டர்களையும் கழற்றி வரிசையாகத் தட்டில் வைத்தார். காற்று வடிகட்டும் பெட்டியைத் திறந்தால் உள்ளே கைப்பிடி கோழி இறகு. "என்ஜின் இத்தினி நாளா சிக்கன்லதான் ஓடிகினு இருந்திச்சி" என்றார். கூலன்ட் போகும் ரப்பர் குழாய்கள் அப்பளம் மாதிரி நொறுங்கின. இந்த ஊரில் அந்தக் குழாய் கிடைக்காது. கார்க் குழாய் ஒன்றை வெட்டி, வளைத்து, அதற்கு ஒரு வழி செய்தார். டயருக்காக நான்கு மாதம் காத்திருந்தோம். பிரேக் பிஸ்டன் பூட்டிக்கொண்டு ஒரு மாதம் வர மாட்டேன் என்றது.

பெட்ரோல் டேங்குக்குள் துரு. அதை எடுக்க மெக்கானிக் ஒரு வழி சொன்னார்: உள்ளே பழைய நட்டுகளை அள்ளிப்போட்டு, கொஞ்சம் டீசல் ஊற்றி, மூடியை இறுக்கிவிட்டு, விடாமல் ஆட்ட வேண்டும். இரண்டு மூன்று நாள் ஆட்ட வேண்டும். கடையில் அதற்கு ஆள் இல்லை. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். நான் டேங்கை மடியில் வைத்து அரை மணி நேரம் ஆட்டிவிட்டுத் தோள் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி பீரோவிலிருந்து ஒரு பழைய புடவையை எடுத்து, ஹாலில் ஊஞ்சலுக்குப் போட்டிருந்த கொக்கியில் தூளி கட்டினாள். டேங்கை அதில் படுக்கவைத்தோம். அவள் டிவி பார்த்தபடி ஒரு கயிற்றை இழுத்து இழுத்துவிட்டாள். உள்ளே நட்டுகள் சளக் சளக் என்று போய்வந்தன. எதிர் ஃபிளாட் அம்மாள் திறந்திருந்த கதவு வழியே தூளியைப் பார்த்துவிட்டு, பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாளா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். என் மனைவி, "இல்லைங்க, இது இவருக்குப் பொறந்தது" என்றாள். அந்த அம்மாள் அப்புறம் ஒரு வாரம் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இதற்கு நடுவில் அந்த நிபந்தனை என் மனதில் ஒரு பக்கம் உறுத்திக்கொண்டே இருந்தது. வண்டி துண்டு துண்டாக இருந்தவரை கவலை இல்லை. அது சேரச் சேர என் பயமும் சேர்ந்தது. என்றைக்காவது விழும், விழுந்தால் நான் தூக்க வேண்டும், தூக்க முடியாவிட்டால் போச்சு. பதினான்கு மாதச் சனிக்கிழமைகளும், தேய்த்த போல்ட்டுகளும், வால்பாறையும், எல்லாம் போச்சு.

ஆகவே நான் ஜிம்மில் சேர்ந்தேன். காட்டுப்பாக்கத்தில் மருந்துக்கடைக்கு மாடியில் ஒரு ஜிம். அங்கிருந்த பயிற்சியாளர் என்ன நோக்கத்தோடு வந்திருக்கிறேன் என்று கேட்டார். முந்நூற்றிருபது கிலோ தூக்க வேண்டும் என்றேன். அவர் என் தொப்பையைப் பார்த்தார், பிறகு கையில் இருந்த டம்பெல்லை வைத்துவிட்டு அதைவிடச் சின்னதாக ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஆறு மாதம் போனேன். சட்டையின் கை கொஞ்சம் இறுகியது. வீட்டில் கேஸ் சிலிண்டர் வந்தால் டெலிவரிக்காரரை வாசலிலேயே அனுப்பிவிட்டு நானே இரண்டு கையாலும் தூக்கிச் சமையலறைக்குக் கொண்டுபோவேன். அப்படி ஒரு நாள் தூக்கும்போது என் மனைவி சொன்னாள்: "கையால தூக்காதீங்க. காலால தூக்குங்க. கவுண்டர்ல புதுசா வர்றவங்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லுவோம்." அவள் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். அவள் பேச்சில் எது கிண்டல், எது இல்லை என்று இருபத்தாறு வருஷத்தில் நான் கண்டுபிடித்ததில்லை.

வண்டியை வேண்டுமென்றே ஒருமுறை சாய்த்துப் போட்டுத் தூக்கிப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் அதற்குள் பெயின்ட் அடித்தாயிற்று. என் மனைவி தேர்ந்தெடுத்த கத்திரிக்காய் நிறம். கடை வாசலில் வெயிலில் அது நின்றபோது நான்கு பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொண்டேன். அதைக் கீழே போட மனசு வரவில்லை.

வண்டி தயாரான அன்று இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். கவனித்தேனே தவிர யோசிக்கவில்லை. ஒன்று, பின் சீட்டு. என் சீட்டுக்கு நான் சொன்ன சாதாரண ரெக்சினையே போட்டிருந்தார். பின் சீட்டைக் கிழிந்தபடியே விட்டுவிடுங்கள், அதன் மேல் பை கட்டிக்கொள்வேன் என்று சொல்லியிருந்தேன். அது என் சீட்டைவிட அழகாக, நல்ல பஞ்சு வைத்து, முதுகுக்கு ஒரு சாய்மானத்தோடு தைக்கப்பட்டிருந்தது. கேட்டதற்கு, "மிச்சம் மீதி இருந்திச்சி சார், பாழாப் போவுதேன்னு" என்று மெக்கானிக் கூலிங் கிளாஸை நெற்றியில் இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டார். இரண்டு, இடதுபக்கப் பெட்டி. கோழி இருந்த பெட்டி. புது மூடி, புதுப் பூட்டு, ஆனால் பூட்டியிருந்தது. சாவி எங்கே என்றதற்கு, எங்கேயோ வைத்துவிட்டதாகவும் தேடிக் கொடுப்பதாகவும் சொன்னார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. என் பொருள்களுக்கு வலதுபக்கப் பெட்டியே போதும். ஒரு மழைக்கோட்டு, ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஃபிரிட்ஜின் கதவில் வால்பாறைக்குப் போகும் வழியை வரைந்து ஒட்டி, தலைப்பில் தனிப் பயணம் என்று எழுதிவைத்திருந்தேன். அவள் ஒவ்வொரு நாளும் பால் எடுக்க அந்தக் கதவைத்தான் திறந்தாள்.

புது வண்டிக்குப் பூஜை போடாமல் எங்கேயும் போகக் கூடாது என்றாள். இது புது வண்டி இல்லையே என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் இன்னும் நல்லதாகப் போட வேண்டும் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாங்காடு காமாட்சி அம்மன் கோயிலுக்குப் புறப்பட்டோம். வண்டியில் நான், பின்னால் ஆட்டோவில் பூஜைக்கூடையோடு அவள். நீயும் ஏறிக்கொள் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அவளும் கேட்கவில்லை.

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் பூஜைக்கு வந்த வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு ஸ்கூட்டர், இரண்டு கார், ஒரு ஜேசிபி. ஜேசிபிக்கும் எனக்கும் ஒரே அளவு மாலை. அர்ச்சகர் நான் மூன்று நாள் பாலிஷ் போட்ட கண்ணாடியில் மனம் குளிரச் சந்தனத்தை அப்பினார். இரண்டு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கடைசியில் பூசணிக்காய். மேலே கற்பூரம் ஏற்றி வண்டியைச் சுற்றிவிட்டு உடைக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தத் தெருவில் பூக்கட்டி விற்கும் அம்மாள், "ஓரமா ஒடை நைனா, வண்டி வய்க்கிவுடப் போவுது" என்று சொன்னது காதில் விழுந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் சென்னை ரோடு முழுக்கப் பூசணிக்காய் சிதறிக் கிடப்பதையும் அதில் பைக்குகள் சறுக்குவதையும் பார்த்துப் பார்த்து, யார்தான் நடு ரோட்டில் உடைக்கிறார்களோ என்று திட்டுகிறவன் நான். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் பற்றி நீளமாக எழுதியும் இருக்கிறேன். ஆனால் அன்று என் வண்டி, என் பூசணிக்காய், சுற்றிலும் பத்துப் பேர் வேடிக்கை. ஆறு மாத ஜிம் பலம் முழுவதையும் சேர்த்து ஓங்கி உடைத்தேன். தூள் தூளாகி, குங்குமத்தோடு குழம்பி, முன்சக்கரத்துக்கு நேர் எதிரே பரவியது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஏறி, ஸ்டார்ட் செய்து, கியர் போட்டேன். எலுமிச்சம்பழம் சப்பென்று நசுங்கியது. அடுத்து முன்சக்கரம் பூசணிக்காயில் ஏறியது, வலதுபக்கமாக வழுக்கியது. எருமை குட்டையில் படுக்கிற மாதிரி வண்டி மெதுவாக, அவசரமே இல்லாமல், பக்கவாட்டில் படுத்தது. நான் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் போல அதிலிருந்து இறங்கி நின்றேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. வண்டிக்கும் கீழே இருந்த தடுப்புக் கம்பி தாங்கிக்கொண்டது. மாலை மட்டும் கழன்று ஜேசிபியின் காலடியில் கிடந்தது.

ஆட்டோக்காரர்கள் நான்கைந்து பேர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர்களை என் மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வேணாங்க. யாரும் தொடாதீங்க. அவரு தூக்கட்டும்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருப்பார்கள்.

நான் குனிந்து ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வண்டி அசையவில்லை, என் கால்தான் பூசணியில் சறுக்கியது. இரண்டாவது முறை கண்ணாடியைப் பிடித்துத் தள்ளினேன். நான்கு விரற்கடை எழுந்து மறுபடி உட்கார்ந்தது. மூன்றாவது முறை மூச்சை அடக்கித் தூக்கியபோது இடுப்பில் சுளீர் என்றது. அப்படியே பிடித்துக்கொண்டு நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். வியர்வையோடு கண்ணில் வேறு ஏதோவும் வந்தது. ஐம்பத்தொரு வயதில், மாங்காட்டில், எல்லோரும் பார்க்க, பொம்மையைப் பறிகொடுத்த பிள்ளை மாதிரி இருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த வண்டி போய்விடும் என்பது தாங்க முடியாததாக இருந்தது.

"முடியலை" என்றேன்.

அவள் கூடையைப் பூக்கார அம்மாளிடம் கொடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். தரையில் கிடந்த பூசணித் துண்டுகளைக் காலால் தள்ளிவிட்டு, அந்த அம்மாளிடமே ஒரு கோணிப்பை வாங்கி வண்டிக்குப் பக்கத்தில் விரித்தாள். சாவியைத் திருகி அணைத்தாள். வண்டியின் மேலாகக் குனிந்து மறுபக்கத்து ஸ்டாண்டைக் கையால் வெளியே இழுத்துவிட்டாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி, சீட்டின் ஓரத்தில் பின்புறத்தைச் சாய்த்துக் குந்தினாள். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை பின்னால் இருக்கும் கம்பியில். முதுகு நேராக. கையை மடக்கவே இல்லை. கால்களை மட்டும் ஊன்றிச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்தாள். அவளுடைய ஐந்தடிக்குப் பின்னால் முந்நூற்றிருபது கிலோவும் எழுந்து, மறுபக்க ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது.

அம்பத்தூர் மணலில் மெக்கானிக் செய்ததும் இதுதான். பதினான்கு மாதம் கழித்து, திரை இல்லாமல், முதல்தடவையாக அதைப் பார்த்தேன்.

ஓர் ஆட்டோக்காரர் என் பக்கம் குனிந்து, "அக்கா எந்த ஒர்க்‌ஷாப்புல கீறாங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். பூந்தமல்லி போஸ்டாபீஸ் என்றேன்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் என் பக்கத்தில் கல்லில் வந்து உட்கார்ந்தாள். வாக்கு வாக்குதான், நாளைக்கே விற்பதற்கு ஆள் பார்க்கிறேன் என்று நான் சொன்னேன்.

"எதுக்கு விக்கணும்?"

"நீதானே சொன்ன."

"தனியாப் போற ஆளுக்குச் சொன்னேன்" என்றாள். "ஆளில்லாத மலை ரோட்டுல இது உங்க கால் மேல விழுந்து கெடந்தா யாரு தூக்குவா? பதினாலு மாசமா எனக்குத் தூக்கம் இல்லை. நீங்க ஃபிரிட்ஜ்ல படம் வரைஞ்சு ஒட்டுறீங்க."

அவள் எழுந்து, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்தாள். இடதுபக்கப் பெட்டியைத் திறந்தாள். கோழி இருந்த இடத்தில் ஒரு ஹெல்மெட் இருந்தது. கத்திரிக்காய் நிறம். விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. அதைத் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே வாரைப் போட்டுக்கொண்டு, பின் சீட்டில் ஏறி ஒருபக்கமாக உட்கார்ந்து, சாய்மானத்தில் முதுகைப் பொருத்திப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அளவெடுத்துத்தான் தைத்திருக்கிறார்கள்.

"பூசணிக்காயைச் சுத்திப் போங்க" என்றாள்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. வால்பாறைக்கு இரண்டு முறை போய்வந்தோம். ஒன்பதாவது வளைவில் நான் ஒருமுறை வண்டியைக் கீழே போட்டேன். அவள் இறங்கி, திரும்பி நின்று, தூக்கி நிறுத்தினாள். எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். கையை மடக்குகிறேன் என்று திட்டுகிறாள். இன்னும் வரவில்லை. இன்றுவரை அந்த வண்டியில் நான் தனியாகப் போயிருப்பது அம்பத்தூர் மெக்கானிக் கடைக்கு மட்டும்தான். அதற்கும் போய்ச் சேர்ந்ததும் அவளுக்கு ஃபோன் செய்ய வேண்டும்.